ஆம் சொன்னவன், இல்லை சொன்னவன்

பள்ளிக்கூடத்தில் நாடகம் வேண்டும் என்று சொல்ல இன்று எவருக்கும் துணிச்சல் தேவைப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டிய வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியலிட்டது. பிறர் உணர்வைத் தனதாக்கிக்கொள்வது அவற்றில் ஒன்று. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி, கலை, இசை, நடனம், நாடகம் குறித்துத் தனிக் குழு ஒன்று அறிக்கையும் தந்தது. ஆசிரியர் பயிற்சிக் கையேடுகளில் அகதி, அனாதை, மழை பொய்த்த விவசாயி என்று பாத்திரங்கள் வரிசையில் நிற்கின்றன. ஒரு பையன் பத்து நிமிஷம் அகதியாக நடித்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தால், அகதியின் துயரம் அவனுக்குள் இறங்கிவிட்டதாகக் கட்டம் ஒன்றில் டிக் போட்டுக்கொள்ளலாம். கலை சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒருமனதான சம்மதத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. கலையால் இவர்களுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஒத்துணர்வு, பரிவுணர்வு என்று ஆளுக்கொரு விதமாக நாம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் எம்பதி என்ற சொல் ஆங்கிலத்திலேயே புதியது. எட்வர்ட் டிட்ச்னர் என்ற உளவியலாளர் 1909இல் ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக அதை ஆக்கினார். ஐன்ஃப்யூலுங் என்ற அந்த ஜெர்மன் சொல்லுக்கு, உணர்வால் உள்ளே புகுதல் என்று பொருள் கொள்ளலாம். 1873இல் ராபர்ட் விஷர் தம் அழகியல் ஆய்வில் அதைக் கையாண்டபோது மனிதர்களை மனதில் வைத்திருக்கவில்லை, வடிவங்களையே நினைத்தார். அவருக்குப் பின் வந்த தியோடர் லிப்ஸுக்குப் பிடித்த உதாரணம் தூண். கல்தூண் ஒன்று மேல்நோக்கி எழுவதாகவும் பாரத்தைத் தாங்குவதாகவும் நமக்குத் தோன்றுகிறதே, அந்த எழுச்சியும் தாங்குதலும் பார்ப்பவனுடையவை. தூணிடம் அப்படி எதுவும் இல்லை.

அதாவது இந்த உணர்வுக்கு முதன்முதலில் அகப்பட்ட பொருள் பதில் பேச முடியாத பொருள். உள்ளே புகுந்தவன் அங்கே தன்னையே கண்டு திரும்புகிறான். சொல் மனிதர்களிடம் வந்து சேர்ந்த பிறகும் இந்தப் பிறவிக் குறை அதை விட்டுப் போயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை. அகதியாக நடிக்கும் பையனிடம் அகதி பேசுவதில்லை. அகதி அங்கே தூணாக நிற்கிறான்.

ப்ரெக்ட் வாழ்நாளெல்லாம் சண்டை போட்டது இந்த ஜெர்மன் சொல்லோடுதான். பார்வையாளன் பாத்திரத்துக்குள் புகுந்து, அதனோடு அழுது, அழுத திருப்தியில் வீட்டுக்குப் போகும் நாடகம் அவருக்கு ஆகவில்லை. இது நம்மிடையே ஓரளவு அறிமுகமான விஷயம். ‘அந்நியமாதல்’ என்ற சொல்லைத் தேவைக்கு மேலேயே நாம் புழங்கியிருக்கிறோம். அவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு நாடகம் எழுதினார் என்பதும், பிள்ளைகள் ஏற்கவில்லை என்பதற்காக அதைத் திருத்தினார் என்பதும் அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. நாடகத்தையும் கல்வியையும் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1929, 1930இல் ப்ரெக்ட் சில சிறு நாடகங்களைக் கற்றல் நாடகம் என்ற பெயரில் எழுதினார். பார்ப்பதற்காக அல்ல, நடிப்பதற்காக எழுதப்பட்டவை இவை. கற்றுக்கொள்பவன் நடிப்பவன், பார்வையாளன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அவற்றில் ஒன்று ‘ஆம் சொல்பவன்’. குர்ட் வைல் இசையமைத்த பள்ளி ஓபரா அது. கதை ப்ரெக்டுடையதல்ல. ஜப்பானிய நோஹ் நாடகங்களில் ‘தனிகோ’ என்று ஒன்று. மலை தாண்டிப் புனித யாத்திரை போகும் துறவிகளோடு ஒரு சிறுவன், நோயாளித் தாய்க்காகப் பிரார்த்திக்கவென்று சேர்ந்துகொள்கிறான். வழியில் அவனும் நோயில் விழுகிறான். யாத்திரையில் நோயுற்றவனைப் பள்ளத்தாக்கில் எறிந்துவிட வேண்டும் என்பது வழக்கம், எறிகிறார்கள். மூலத்தில் கதை இதோடு முடியவில்லை. வழிபாட்டின் பலனால் சிறுவன் மீண்டும் உயிர் பெறுகிறான். ஆர்தர் வேலி 1921இல் இதை ஆங்கிலத்தில் தந்தபோது அந்தப் பின்பகுதியை விட்டுவிட்டார். எலிசபெத் ஹவுப்ட்மன் வேலியின் ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். ஆக, ப்ரெக்டின் கைக்கு வந்த கதையில் தெய்வம் இல்லை, மீட்பும் இல்லை. எறிதல் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஒரு மொழிபெயர்ப்பாளரின் கத்தரிக்கோல் இன்னொரு நாட்டில் ஒரு நாடகாசிரியனுக்குப் பிரச்சினையை உண்டாக்கிக் கொடுத்தது. இலக்கியச் செல்வாக்கு பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் இந்த மாதிரி விபத்துகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

ப்ரெக்ட் யாத்திரையை ஓர் ஆசிரியரும் மூன்று மாணவர்களும் போகும் ஆராய்ச்சிப் பயணமாக்கினார். சிறுவன் தாய்க்கு மருந்து வாங்கி வருவதற்காகச் சேர்ந்துகொள்கிறான். வழக்கத்தில் ஒரு சேர்க்கையும் செய்தார். நோயுற்றவனிடம், உனக்காக நாங்கள் திரும்பட்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவன் பதில் சொல்ல வேண்டும் என்பதும் வழக்கத்தின் பகுதி. சிறுவன் யோசிக்கிறான், வழக்கப்படி சம்மதிக்கிறான். என் குடுவையில் மருந்தை நிரப்பி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறான். ஒருவர் குற்றம் மற்றவர் குற்றத்தைவிடக் கூடிவிடாதபடி எல்லோரும் நெருக்கமாக நின்று, கண்களை மூடிக்கொண்டு, அவனைத் தள்ளுகிறார்கள்.

நாடகம் பெர்லினில் 1930 ஜூன் 23இல் மாணவர்களாலேயே நடிக்கப்பட்டு வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. அமோகமான வெற்றி. பொதுநலத்துக்காகத் தன்னையே கொடுக்கும் சிறுவனிடம் மத நோக்குள்ள விமர்சகர்கள் பழைய தியாக தர்மத்தைக் கண்டு பூரித்தார்கள். ப்ரெக்ட் வெட்கப்பட்டிருக்க வேண்டிய பாராட்டு. இடதுசாரித் தரப்பிலிருந்து ஃப்ராங்க் வார்ஷவர் ‘வெல்ட்ப்யூனெ’ பத்திரிகையில், ஆம் சொல்பவனுக்கு இல்லை என்று சொல்ல வேண்டும் என எழுதினார். கேள்வி கேட்காத கீழ்ப்படிதலை இசையின் இனிமையோடு கலந்து பிள்ளைகளுக்கு ஊட்டும் காரியம் இது என்பது அவருடைய ஆட்சேபம்.

இதெல்லாம் விமர்சகர்கள் சொன்னது. ப்ரெக்ட் செவிகொடுத்தது வேறு ஓர் இடத்துக்கு. பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதி தொழிலாளர்கள் வாழ்ந்த பேட்டை. அங்கே ஃப்ரிட்ஸ் கார்ஸன் நடத்திவந்த பள்ளிக்குக் கார்ல் மார்க்ஸ் பள்ளி என்று பெயர். தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர்கள் பல்கலைக்கழகத் தகுதித் தேர்வு எழுதுவதற்கான வகுப்புகளைக் கார்ஸன் 1923லேயே தொடங்கியிருந்தார். இந்தப் பள்ளியில் நாடகத்தைப் பற்றிப் பல வகுப்புகளில் விவாதம் நடந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிலிருந்து பெரிய மாணவர்கள் வரை பேசினார்கள், பேசியது குறித்துவைக்கப்பட்டது.

அவர்கள் சிறுவனுக்காக அழவில்லை, அதுதான் முக்கியம். கையேடு எழுதுகிறவர்கள் எதிர்பார்க்கும் ஒத்துணர்வு அங்கே நிகழ்ந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். பிள்ளைகளோ கேள்வி கேட்டார்கள். வழக்கம் என்றால் அது எதற்காக இருக்கிறது? ஆராய்ச்சிப் பயணத்தைத் தள்ளிப்போட்டால் என்ன குடி முழுகிவிடும்? அவனைக் காப்பாற்றும் வழியை எல்லோரும் முதலில் முயன்று பார்க்க வேண்டாமா? அந்த ஆசிரியருக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா? மாய மந்திரத் தன்மையும் சிலருக்கு உறுத்தியிருக்கிறது. மலையையும் கயிற்றையும் ஆட்களின் எண்ணிக்கையையும் கணக்குப் போடும் புத்தி அவர்களுடையது. வறுமையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஒருவன் சாக வேண்டும் என்றால் அதற்குச் சரியான காரணம் காட்டப்பட வேண்டும்.

ப்ரெக்ட் உட்கார்ந்து திருத்தினார். புதிய ‘ஆம் சொல்பவ’னில் பயணம் ஆராய்ச்சிக்கு அல்ல, ஊரில் கொள்ளைநோய், மருந்து மலைக்கு அப்பால் இருக்கிறது. சிறுவனைத் தூக்கிக்கொண்டு குறுகலான பாறை முகட்டைத் தாண்ட முயல்கிறார்கள், முடியவில்லை. திரும்பினால் ஊரே சாகும். இப்போதும் அவன் சம்மதிக்கிறான். ஆனால் தனியாகக் கிடந்து சாகப் பயமாக இருக்கிறது, என்னை எறிந்துவிடுங்கள் என்று அவனே கேட்கிறான். காரணம் வந்தவுடன் பயமும் வந்து சேர்ந்துவிட்டது. முன்பு அவன் வழக்கத்துக்கு வாய்த்த பொம்மை. இரண்டாவதாக ‘இல்லை சொல்பவன்’ என்று ஒரு நாடகத்தையும் எழுதினார். அதில் பயணம் பழையபடி ஆராய்ச்சிப் பயணம்தான். சிறுவன் மறுக்கிறான். தொடக்கத்தில் சம்மதித்தவன் முடிவு வரைக்கும் சம்மதித்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியமில்லை, தொடக்கமே தவறாக இருந்திருக்கலாம் என்பது அவன் வாதம். ஒவ்வொரு புதிய நிலைமையிலும் புதிதாக யோசிப்பது என்ற வழக்கத்தை உண்டாக்குவோம் என்கிறான். ஊர் சிரிக்கும் என்று தெரிந்தே எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார்கள். கூடுமானவரை ஒன்றில்லாமல் மற்றதை நடிக்கக்கூடாது என்று ப்ரெக்ட் குறிப்பு எழுதினார். 1931இல் தம் ‘முயற்சிகள்’ தொகுதி ஒன்றில் இரு நாடகங்களோடு மாணவர்களின் விவாதத்தையும் சேர்த்து அச்சிட்டார். பெரிய கவிஞனின் வரிகளுக்குப் பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளையின் ஆட்சேபம்! நம் முதுபெரும் எழுத்தாளர்கள் எவரேனும் இப்படிச் செய்வதைக் கற்பனை செய்து பார்க்கிறேன்; முடியவில்லை.

ஆனால் வைல் ‘இல்லை சொல்பவ’னுக்கு இசையமைக்கவில்லை. பள்ளிகளில் ஓபரா நூற்றுக்கணக்கான முறை பாடப்பட்டது. அந்த மேடைகளில் கேட்டது ஆம்தான். 1933 பிப்ரவரியில் கார்ஸன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே மாதம் 28ஆம் தேதி, நாடாளுமன்றக் கட்டிடம் எரிந்த மறுநாள், ப்ரெக்ட் நாட்டை விட்டுப் போனார். மார்ச்சில் வைலும் போனார். சம்மதிக்கக் கற்றுக்கொள்வதைப் பிறகு அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது தெரிந்த சரித்திரம்.

பள்ளி நாடகத்தின் இன்னொரு கிளை இங்கிலாந்தில் வளர்ந்தது. ப்ரெக்டோடு நேரடித் தொடர்பு இல்லாமல் தொடங்கியது அது. ஸஸெக்ஸில் ஸாம்ப்டிங் என்ற கிராமப் பள்ளியின் தலைமையாசிரியை ஹாரியட் ஃபின்லே-ஜான்ஸன் பாடங்களை நாடகமாக நடத்தி, 1911இல் அது பற்றிப் புத்தகமும் எழுதினார். அதன்பின் பலர். ஆனால் டோரதி ஹீத்கோட்டிடம்தான் விஷயம் தீவிரமடைகிறது. 1926இல் யார்க்ஷயரில் பிறந்து, 14 வயதில் பள்ளியை விட்டு நூற்பாலைக்கு வேலைக்குப் போனவர். தறி ஓட்டினார். நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தபோது ஆலை முதலாளி பண உதவி செய்து, சரிப்படவில்லையென்றால் உன் மூன்று தறிகளும் காத்திருக்கும் என்று சொல்லி அனுப்பியதாகச் சொல்வார்கள். 1971இல் பி.பி.சி. அவரைப் பற்றி எடுத்த படத்துக்கு ‘காத்திருக்கும் மூன்று தறிகள்’ என்பதே பெயர். பட்டம் எதுவும் இல்லாமல் 1950இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் நியூகாஸில் கல்வித் துறைக்குள் நுழைந்து, 1986 வரை அங்கே இருந்தார். 2011இல் மறைந்தார்.

ஹீத்கோட் செய்த மிகப் பெரிய மாற்றம், ஆசிரியரே பாத்திரமேற்றுப் பிள்ளைகளின் நடுவில் போய் நிற்பது. அந்தப் படத்தில் சீர்திருத்தப் பள்ளிப் பையன்கள் போர்க்கைதிகளாகிறார்கள். ஹீத்கோட் ஜெர்மன் அதிகாரி. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் எடுத்துக்கொண்டது பரிதாபத்துக்குரிய பாத்திரத்தை அல்ல, எதிர்க்கப்பட வேண்டியவரின் பாத்திரத்தை. அதிகாரம் எப்போதும் யாரிடம் இருக்கிறதோ அவரே அதை மேடையில் கையிலெடுத்துக்கொண்டு, இப்போது என்ன செய்வீர்கள் என்று பையன்களைப் பார்க்கிறார். தூண் பேசத் தொடங்கிவிடுகிறது. பின்னாளில் அவர் வகுத்த முறையில் பிள்ளைகள் நிபுணர்களின் பொறுப்பை ஏற்கிறார்கள். பஞ்சத்தில் வாடுகிறவராக நடிக்க வேண்டியதில்லை. தானியக் கிடங்கின் சாவி உங்களிடம் இருக்கிறது, யாருக்கு முதலில் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது போன்ற நிலை. (உதாரணம் என்னுடையது.) உணர்ச்சி முடிவெடுப்பதன் வழியாக வருகிறது, வராமலும் போகலாம்.

கவன்ட்ரி நகரத்தின் பெல்கிரேட் தியேட்டர் 1965இல் ஆரம்பித்த கல்வி அரங்கு இன்னொரு வழியில் போயிற்று. நடிகரும் ஆசிரியருமாக இருந்தவர்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளை உள்ளிழுத்து நடத்தியவை அவர்களுடைய நிகழ்ச்சிகள். மோட்டார் தொழிற்சாலைகளின் ஊர் அது. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் 1970களில் அவர்கள் ஜப்பானின் மினமாட்டாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிஸ்ஸோ கம்பெனி கடலில் விட்ட பாதரசம் மீனுக்குப் போய், மீனிலிருந்து பூனைக்கும் மனிதனுக்கும் போன கதை. நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. காரணம் கம்பெனிதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968இல். இடையில், 1959 டிசம்பரில், கம்பெனி நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன்படி கொடுத்த தொகைக்கு இழப்பீடு என்று பெயர் இல்லை. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் வைத்துக் கொடுக்கும் அனுதாபப் பணம் என்று பெயர். பின்னால் கம்பெனியின் குற்றம் நிரூபணமானாலும் மேற்கொண்டு கேட்கக்கூடாது என்றும் அதில் ஒரு ஷரத்து. தன் ஆலை வைத்தியர் அதே வருஷம் பூனைகளுக்கு ஆலைக் கழிவைக் கொடுத்துச் சோதித்து நோயை உண்டாக்கிக் காட்டியதைக் கம்பெனி அறியும். 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ளியது.

அனுதாபம் எந்த இடத்தில் நியாயத்துக்குப் பதிலியாக உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மினமாட்டாவை நாடகமாக்கி நோயாளியின் கோணிய கையைப் பிள்ளைகளை நடிக்கச் சொல்வது ஒன்று. அந்த ஒப்பந்தத் தாளை அவர்கள் முன் வைத்து, கையெழுத்துப் போடுவாயா என்று கேட்பது வேறு. முதலாவதில் பாதரசம் ஒரு துயரம். இரண்டாவதில் அது ஒரு கணக்கு. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசக் கதை நம் பள்ளி எதிலேனும் இப்படி நடிக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இங்கிலாந்தில் இந்த இயக்கம் வாடியதற்குக் காரணங்கள் பல. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நாடகத்தைத் தனிப் பாடமாக ஏற்காமல் ஆங்கிலப் பாடத்துக்குள் அடக்கியது. உள்ளூராட்சிகளின் கையில் பணம் குறைந்ததும் கல்வி அரங்குக் குழுக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 1989இல் டேவிட் ஹார்ன்ப்ரூக் எழுதிய புத்தகம் ஹீத்கோட் வழியினரைக் கடுமையாகத் தாக்கியது. நாடகம் என்ற கலையின் சரித்திரத்தையும் பண்பாட்டையும் இவர்கள் துறந்துவிட்டு, ஆசிரியரைக் குருபீடத்தில் ஏற்றிவிட்டார்கள் என்பது சாரம். பாதி உண்மை. ஹீத்கோட் இல்லாத ஹீத்கோட் முறை வெறும் பயிற்சித் தாளாகிவிடும் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நொய்க்கோல்னில் குரு என்று யாரும் இருக்கவில்லை. ஒரு நல்ல பிரதியும், அதை மறுத்துப் பேச இடமும் இருந்தன. பிரதியா, பங்கேற்பா என்ற இந்தச் சண்டையே அதைப் பார்க்கும்போது அர்த்தமற்றுப் போகிறது.

தமிழில் இதைச் சிரத்தையாகச் செய்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தின் குழந்தை ம. சண்முகலிங்கத்தைச் சொல்வேன். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை அங்கே நிறுவினார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுதினார், பிள்ளைகளோடு சேர்ந்து எழுதினார். போர் வந்த பிறகு அவருடைய நாடகம் போருக்குள்ளிருந்தே எழுந்தது. பிறர் துன்பத்தை உணரப் பயிற்சி தர வேண்டிய அவசியம் அந்தப் பார்வையாளர்களுக்கு இருக்கவில்லை. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒரு பத்தியில் அடக்குவது முறையல்ல.

சில வருஷங்களுக்கு முன் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் எட்டாம் வகுப்பில், மலை, நோய், வழக்கம், கேள்வி என்பது வரை சொல்லி நிறுத்திவிட்டு, மேலே நீங்கள் நடியுங்கள் என்றார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். முதல் குழு அழுதுகொண்டே எறிந்தது, சினிமா அழுகை. இரண்டாவது குழுவில் சிறுவன் மறுத்தான், தூக்கிக்கொண்டு திரும்பினார்கள், கைதட்டல். மூன்றாவது குழு நடிக்கவே எழுந்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு பெண், “அவனப் போய்க் கேக்கறதே தப்பு சார்” என்றாள். இவ்வளவு பேர் சுற்றி நின்று கேட்டால் அவன் எப்படி வேண்டாம் என்று சொல்வான்? புறப்படும் முன் ஊரில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்கவே கூடாது.

ப்ரெக்டின் இரண்டு முடிவுகளிலும் இல்லாத விஷயம் இது. ஆம் என்பதும் இல்லை என்பதும் சிறுவனின் வாயில்தான் வருகின்றன. கேட்கிறவர்களின் உரிமையை இரண்டு நாடகமும் தொடவில்லை. நண்பர் மூன்றாவது குழுவை எழுப்பி, அப்படியானால் கேட்க வந்தவர்களை நீங்கள் எப்படித் தடுப்பீர்கள், அதை நடித்துக் காட்டுங்கள் என்றார். பெஞ்சுகளைத் தள்ளி மலைப்பாதையை மறித்துப் போட்டார்கள். யார் மறிப்பது, யார் கேட்க வருவது என்று அவர்களுக்குள் பெரும் தகராறு. மணி அடித்தது, அடுத்த பாடவேளை கணக்கு. பெஞ்சுகள் அந்தப் பாடவேளை முழுவதும் அப்படியே கிடந்ததாகவும், அது பற்றித் தமக்கு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றும் நண்பர் பிறகு சொன்னார்.